கார் சைலன்சர் சத்தம்: பட்டறைக்குப் போகும் முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டியில் சத்தம் கூடியதும் பலரும் முதலில் மாற்றுவது பின்பக்கத்து சைலன்சரைத்தான். சத்தம் அங்கிருந்து வருவதுபோலத் தோன்றும். ஆனால் ஓட்டை, இன்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டின் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்த் தொகுதி) கேஸ்கெட்டிலோ (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு), அதற்குக் கீழே உள்ள பெல்லோஸிலோ (வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய்) இருக்கலாம். அப்படியானால் புது சைலன்சர் மாட்டிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும்.

ஆகவே ஸ்பேனரை எடுக்குமுன் காதைக் கொடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று அடித்து, இன்ஜின் சூடானதும் அடங்கினால் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிகிறது, அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் (மரையாணி) ஒன்று முறிந்திருக்கிறது. சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால்தான் அடங்குகிறது. இந்த வண்டியைக் குழித்துறையிலிருந்து நாகர்கோவில் வரை ஓட்டிக்கொண்டு போய் ‘சத்தத்தைக் கேளுங்க’ என்றால் மெக்கானிக்குக் கேட்காது. முந்தின நாள் மாலையே பட்டறையில் விட்டுவிடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காலடியில் உறுமினால் பெல்லோஸ் அல்லது முன் பைப். தகரம் அதிர்வதுபோல் கேட்டால் வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கும். அதற்கு ஒரு கிளாம்ப் போதும்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. ஆறிய இன்ஜினைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த துணியை மடித்து டெயில் பைப் வாயில் சில நொடி மட்டும் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் ‘புஸ்’ என்று சீறும். பைப் சுடுவதற்குள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி கிளம்பும். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்த கோடு தெரிந்தாலும் கசிவு அங்கேதான். மழை பெய்கிறதே என்று ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, கிழிந்த பெல்லோஸை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர் பைப்பை வெல்டிங் செய்வது. மலிவாக முடிகிறது, சத்தமும் அன்றைக்கே நின்றுவிடுகிறது, அதனால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். முன் சக்கர இயக்க வண்டிகளில் இன்ஜின் குறுக்காக இருப்பதால், கியர் போடும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் பெல்லோஸ். அது இல்லையென்றால் ஆட்டம் முழுவதும் மேனிஃபோல்டில் போய் விழும். வெல்டிங் விடும், அல்லது மேனிஃபோல்டே விரிசல் விடும். உள் விட்டமும் நீளமும் பழையதற்குச் சமமான பெல்லோஸையே கேட்டு வாங்குங்கள். கிழிந்த காரணத்தையும் பாருங்கள்: இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருந்தால் புதியதும் சீக்கிரமே கிழியும்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வெளியிலிருந்து அரிக்கிறது. உள்ளிருந்தும் அரிப்பு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சந்தைக்கும் பள்ளிக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதில்லை. தண்ணீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும். அது வடியத்தான் பல சைலன்சர்களின் அடியில் 2, 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை வைத்திருப்பார்கள். ‘ஓட்டை விழுந்துவிட்டது’ என்று அதை அடைத்துவிடாதீர்கள். ஓரம் சீராக, வட்டமாக இருந்தால் கம்பெனித் துளை. சுற்றிலும் துரு உதிர்ந்தால் உண்மையான ஓட்டை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ச்சியாக ஓட்டுங்கள்.

தண்ணீர்க் குழாயை அடைக்கும் எபாக்சி பசையால் ஓட்டையை அடைக்காதீர்கள்; புகைக்குழாயின் சூட்டை அது தாங்காது. சாதாரண சிலிக்கான் அதைவிடக் கெடுதல். அதன் ஆவி, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பாழாக்கும். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும். இன்ஜின் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் விழும். அப்போது சென்சாரை மாற்றுவது வீண் செலவு.

வெல்டிங் தவிர்க்க முடியாததென்றால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வைத்து ஒட்டச் சம்மதிக்காதீர்கள். அந்தப் புகை வெல்டருக்கு நஞ்சு.

துருப்பிடித்த ஸ்டட்டை ஒரே மூச்சில் முறுக்கினால் முறிந்து இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் நிற்கும். பிறகு துளை போட்டு எடுக்க வேண்டிய பெரிய வேலை. முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்க வேண்டும்.

மணல் தரையில் ஜாக்கி அமிழும். கீழே தடித்த பலகை வைத்து, ஸ்டாண்டும் கொடுத்த பிறகே அடியில் போங்கள்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் பைப் போடுவதும், சத்தத்துக்காகவே விற்கும் சைலன்சரை மாட்டுவதும் சட்ட மீறல். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்; லைசென்சும் 3 மாதம் செல்லாமல் போகும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் மாட்டியிருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் பைப் பாடியில் இடிக்கும். புதிதாகப் போட்ட இணைப்பு மறுபடி தளரும்.