பண முடிவை ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்

நஷ்டத்தில் கிடக்கும் பங்கை விற்பதா வைத்திருப்பதா, ஏலச்சீட்டை இந்த மாதமே எடுத்துவிடுவதா கடைசிவரை கட்டுவதா, நகையை மீட்பதா விற்பதா? இந்த மாதிரிக் கேள்வி வந்தால், முழு விஷயத்தையும் ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன். நான் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் பள்ளியில் ஒரு பாடமாக வந்தது. அப்புறம் திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர் வேலை பார்த்து, பையர்களுக்கு மெயில் போட்டுப் போட்டே பழகியது. அந்த மொழியில் யாரும் என்னைக் கொஞ்சியதில்லை, திட்டியதும் இல்லை. இந்த முறைக்கு அப்படி ஒரு மொழிதான் வேண்டும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் போவாஸ் கெய்சர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியாகவும் ஸ்பானிஷ் படித்துக் கற்ற மொழியாகவும் உள்ள மாணவர்களுக்கு 15 டாலரை ஒற்றை நோட்டுகளாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாலரை அப்படியே பையில் போட்டுக்கொள்ளலாம். இல்லை, பந்தயம் வைத்துக் காசு சுண்டலாம். ஜெயித்தால் அந்த டாலரோடு இன்னும் ஒன்றரை டாலர், தோற்றால் அது போய்விடும். கணக்குப் போட்டால் பந்தயம்தான் லாபம்: சராசரியாக 1.25 டாலர் வரும். ஆனால் ஆங்கிலத்தில் விளையாடியவர்கள் 54% வாய்ப்புகளில்தான் பந்தயம் வைத்தார்கள். ஸ்பானிஷில் விளையாடியவர்கள் 71%. கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயம் பிற்பாடு கற்ற மொழியில் கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

ஏன் அடங்குகிறது? துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சின்ன வயதில் கேட்ட திட்டுகளைத் துருக்கி மொழியில் கேட்கும்போது அவர்கள் தோலில் வைத்த கருவியில் பதிவான பதற்றம், ஆங்கிலத்தில் கேட்கும்போது பதிவானதைவிட அதிகம். பயமும் ஆசையும் வீட்டுமொழியோடு சேர்ந்தே வளர்கின்றன.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் மொழி. வகுப்பிலோ வேலையிலோ பிற்பாடு கற்றதாக இருக்க வேண்டும். குழந்தையிலிருந்தே வீட்டில் இரண்டு மொழியும் பேசி வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவாக எடுபடாது. ஆனால் வட்டியையும் தவணையையும் தடுமாறாமல் எழுதுகிற அளவுக்காவது அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். புரியாத மொழியில் எழுதினால் மனம் அமைதியாகாது, குழம்பத்தான் செய்யும்.

அடுத்தது, ஒரே விஷயத்தை லாபமாக ஒரு முறை, நஷ்டமாக ஒரு முறை எழுதுவது. எனக்கு மிகவும் உதவியது இதுதான். ஒரே மருந்தை 'இத்தனை பேர் பிழைப்பார்கள்' என்றால் ஒரு மாதிரியும், 'இத்தனை பேர் சாவார்கள்' என்றால் வேறு மாதிரியும் மக்கள் முடிவெடுக்கிறார்கள் என்று 1981-இலேயே ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டினார்கள். கெய்சர் குழு அதையே அந்நிய மொழியில் கேட்டபோது, எப்படிச் சொன்னாலும் பதில் பெரிதாக மாறவில்லை.

என் சித்தி மகன் ஒரு கம்பெனிப் பங்கை 1,40,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். அது 98,000-க்கு வந்துவிட்டது. "இப்ப வித்தா நாப்பத்திரண்டாயிரம் போயிரும்க்கா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். போனை எடுத்து ஆங்கிலத்தில் டைப் பண்ணச் சொன்னேன். முதல் வரியில் விற்றால் எவ்வளவு போகும். இரண்டாவது வரியில் விற்றால் கையில் எவ்வளவு வரும். மூன்றாவதாக ஒரு கேள்வி: இன்று 98,000 ரொக்கமாக இருந்தால் இதே பங்கை வாங்குவேனா? கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க மாட்டேன்க்கா. பழைய கடனைக் கட்டவே அந்தக் கம்பெனி புதுசா கடன் வாங்குது." இது அவனுக்கு முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் தமிழில் பேசியவரை அந்த நாற்பத்திரண்டாயிரம் அதை வெளியே வரவிடவில்லை.

தொடர்ந்து நாலு தடவை ஜெயித்துத் துணிச்சல் கூடிப்போனவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். பிரிட்டனின் பேங்கர் பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்களைக் காசு வைத்து விளையாடவிட்டார்கள். தாய்மொழியில் பாராட்டு வந்த பிறகு துணிந்து பந்தயம் வைத்தவர்கள், ஆங்கிலத்தில் பாராட்டு வந்தபோது அப்படிச் செய்யவில்லை. ஆனால் ஒன்று, மோசமான பந்தயத்தை எந்த மொழியும் நல்ல பந்தயமாக்காது. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ வணிகத்தில் (பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவது) இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே சொல்லியிருக்கிறது. அங்கே பயம் குறைவது உங்களுக்குக் கெடுதல். அதனால் முதலில் கால்குலேட்டர், அப்புறம்தான் ஆங்கிலம்.

இதே காரணத்துக்காக, கடன் ஒப்பந்தத்தை மட்டும் ஆங்கிலத்தில் படித்து முடிவு செய்யாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். இத்தாலியர்களிடம் பலவகை அபாயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டபோது, இத்தாலிய மொழியில் கேட்டதைவிட அபாயம் குறைவாகவும் பலன் அதிகமாகவும் அவர்களுக்குத் தெரிந்தது. கடன் கொடுப்பவர் நீட்டும் ஆங்கிலத் தாள் நம்மையும் அப்படித்தான் தைரியப்படுத்தும். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தமிழில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "அவன் கட்டாவிட்டால் நான் கட்டணும்" என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்போது வயிற்றில் ஏதோ பிசைந்தால் அதற்குக் காது கொடுங்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்பது போன்ற கேள்விகளை இந்த முறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளலாமா என்ற கேள்விக்கு, தாய்மொழியில் கேட்டதைவிட அந்நிய மொழியில் கேட்டபோது அதிகம் பேர் தள்ளலாம் என்றார்கள். மனிதர்கள் சம்பந்தப்பட்ட முடிவுகளில் அந்த விலகல் எனக்கு வேண்டாம்.

ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் தமிழிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். இரண்டு மொழியிலும் ஒரே பதில் வந்தால் தாமதிக்காமல் செய்யுங்கள். வேறு வேறாக வந்தால் அன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். தமிழ்ப் பதிலில் மட்டும் இருக்கும் காரணத்தைத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். 'அப்பா உழுத நிலம்' என்று வந்தால், அதற்காக எவ்வளவு ரூபாய் விடத் தயார் என்று பக்கத்திலேயே குறித்துவிட்டு நிலத்தை வைத்துக்கொள்ளலாம். 'வித்தா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க' என்று வந்தால், அந்த வரியை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.