உயிரினங்கள் அழியும் வேகத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி?

"தினமும் இத்தனை இனங்கள் அழிகின்றன" என்று படித்தால், எண்ணை விட்டுவிட்டு அலகைத் தேடுங்கள். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அலகு, பத்து லட்சம் இன-ஆண்டுகளுக்கு எத்தனை அழிவு என்பது. 100 இனங்களை 50 ஆண்டுகள் கவனித்தால் 5,000 இன-ஆண்டுகள். மனிதத் தலையீடு இல்லாத இயல்பு வீதமாகப் பெரும்பாலும் 1 அல்லது 2 எடுத்துக்கொள்வார்கள், 0.1 தான் சரி என்பவர்களும் உண்டு.

பறவை, பாலூட்டி, தவளை போன்ற, நன்கு மதிப்பிடப்பட்ட குழுவை எடுங்கள். பூச்சிகள் வேண்டாம், பெரும்பாலானவற்றை யாரும் மதிப்பிடவே இல்லை. குழு மிகச் சிறியதாகவும் இருக்கக் கூடாது: 10,000 இன-ஆண்டுகளில் ஒரே ஓர் இனம் அழிந்தாலே வீதம் 100 ஆகிவிடும், அழியாவிட்டால் பூஜ்யம்.

இப்போது பறவைகளைப் போட்டுப் பார்ப்போம். சுமார் 10,000 இனங்கள், 1500 முதல் 500 ஆண்டுகள்: 50 லட்சம் இன-ஆண்டுகள். அழிந்தவை சுமார் 160. 160-ஐ 50-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் இன-ஆண்டுகளுக்கு 3.2; பத்தால் பெருக்கினால் பத்து லட்சத்துக்கு 32.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 1500-இல் அந்தப் பறவைகளை அறிவியல் பெயரிட்டு விவரித்திருக்கவே இல்லை. யாரும் பதிவு செய்யும் முன்பே அழிந்தவற்றில் பல மேல் எண்ணில், அதாவது அழிவுகளின் எண்ணிக்கையில், வராது. ஆனால் கீழே, வகுக்கும் இன-ஆண்டுகளில், ஆண்டுகள் முழுசாக ஏறிவிடும். எனவே ஓர் இனம் விவரிக்கப்பட்ட ஆண்டிலிருந்து மட்டும் எண்ணுங்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு அப்படித்தான் செய்தது: 1900-க்குப் பின் விவரிக்கப்பட்ட 1,230 பறவைகள், 98,334 இன-ஆண்டுகள், 13 அழிவுகள். வீதம் 132. அதே பறவைக் குழு, நான்கு மடங்கு வித்தியாசம்!

மேல் எண்ணிலும் கவனம் தேவை. கடைசி உயிரியும் இறந்துவிட்டதில் நியாயமான ஐயம் இல்லாதபோதுதான் ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியல் (உயிரினங்களின் அழிவு அபாயப் பட்டியல்) 'அழிந்தது' என்று குறிக்கும். அவசரப்பட்டால் என்னாகும் என்பதற்கு நியூசிலாந்தின் தக்காஹே பறவை சாட்சி; அழிந்ததாக நம்பப்பட்டது, 1948-இல் உயிரோடு கிடைத்தது. 'அழிந்திருக்கலாம்' என்ற குறியுள்ளவற்றை விட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள்.

காட்டுப் பரப்பை வைத்துச் செய்யும் மதிப்பீட்டை இதோடு கலக்காதீர்கள். பரப்பில் 90% போனால், பரப்பையும் இன எண்ணிக்கையையும் இணைக்கும் சூத்திரத்தின் வழக்கமான 0.25 அடுக்கின்படி (மிஞ்சிய 0.1-இன் 0.25 அடுக்கு சுமார் 0.56), அங்கு மட்டுமே வாழும் இனங்களில் ஏறக்குறைய 44% போகும். அது இன்றைய எண்ணிக்கை அல்ல, காலப்போக்கில் வரவிருக்கும் இழப்பு. அதற்குத் தனிப் பத்தி போடுங்கள்.