ஆழியாறிலிருந்து வால்பாறைக்குத் தனியாகச் சைக்கிளில் ஏறுவது எப்படி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே பெரிய ஏற்றமில்லாத சாலை. அணையைத் தாண்டியதும் மலை தொடங்கிவிடும்: 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்த எண்தான் துணை. சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் அக்காவுக்கு அதை மட்டும் அனுப்புவேன். "9" என்று போனால் நான் ஒன்பதாவது வளைவில் இருக்கிற லோம்ஸ் வியூ காட்சிமுனையில் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் எத்தனை மணிக்குள் சேதி வராவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

இது ஆனைமலை புலிகள் காப்பகம். ஆழியாறில் வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது. சைக்கிளுக்கு என்ன விதி என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு ஆழியாறு பக்கம் தங்கி, விடிந்ததும் ஏறத் தொடங்குவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும்; நான் போவது ஜனவரியில்.

முதல் தடவை எட்டு மணிக்கு மேல் தொடங்கி, முதல் பத்து வளைவுகளை வேகமாக ஏறினேன். பதின்மூன்றாவது வளைவில் தொடை இழுத்துக்கொண்டது. அரை மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கால் பலத்தால் இந்த மலையை ஏற முடியாது, கியர்தான் ஏற்ற வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது. இப்போது என் வண்டியில் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 28 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.7 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மெதுவாகத்தான் தெரியும், ஆனால் நாள் முழுக்க மிதிக்கலாம். மூச்சு வாங்காமல் பாட்டு முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

வளைவில்தான் கவனம் வேண்டும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். சாலை வலப்புறம் திரும்பினால் நமக்கு வெளிவட்டம் வரும். ஏற்றம் குறைவு, அங்கே மூச்சு விடலாம். இடப்புறம் திரும்பினால் உள்வட்டம், அதுதான் செங்குத்து. வளைவுக்கு முன்பே மிதிக்க லேசான கியருக்கு மாறிவிடுங்கள். நடுவில் மாற்றினால் செயின் கழன்று வண்டி அப்படியே நின்றுவிடும். ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையவே வேண்டாம். பேருந்து திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு வரும். உள்ஓரத்தில் நிற்கிற சைக்கிளை ஓட்டுநரால் பார்க்க முடியாது. வளைவுக்குக் கீழேயே இறங்கி நின்று வழிவிடுங்கள்.

பசிக்கும் முன்பே தின்ன வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலைமிட்டாய், நடுநடுவே உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர். ஆனால் குரங்கு அருவி பக்கத்தில் எதையும் வெளியே எடுக்காதீர்கள். ஹேண்டில் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க வேண்டாம். ஒன்பதாவது வளைவில் கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். பாறையில் வரையாடு நின்றாலும் நிற்கும். அங்கே கால் மணி நேரம் கண்டிப்பாக உட்காருங்கள்.

யானையோ காட்டுமாடோ சாலையில் நின்றால் மணி அடிக்காதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள். தூரத்திலேயே இறங்கி, ஏதாவது பேருந்து வரும்வரை காத்திருந்து, விலங்கு ஒதுங்கிய பிறகு போகலாம்.

அட்டகட்டி தாண்டியதும் தேயிலை தொடங்கும். கவர்க்கல்லில் பட்டப்பகலிலேயே மூடுபனி சூழ்ந்துகொள்ளும். பின்விளக்கைப் போட்டுவிட்டு ஜெர்கினை மாட்டுங்கள், வியர்வை ஈரத்தில் குளிர் சட்டென்று ஏறும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலையைக் கடக்கும், அங்கே மெதுவாகப் போங்கள்.

அன்றைக்கே இறங்க நினைக்காதீர்கள். வால்பாறையில் தங்கிவிட்டு, காலையில் பிரேக் கட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். இறங்கும்போது பிரேக்கை அழுத்தியே பிடித்திருந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மின் பக்கத்தில் கை வையுங்கள். சுட்டால் அது ஆறும்வரை நில்லுங்கள்.