அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்: கோட் போடும் முன் சார்ட்டில் எதைத் தேடுவது

மெடிக்கல் கோடிங் செய்யும்போது, டிஸ்சார்ஜ் சம்மரியில் "அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்" (திடீர் மூச்சுச் செயலிழப்பு) என்று ஒரு வரி கண்ணில் பட்டதும் அதற்கான நோய்க் கோடான ஜே96.01 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். இந்த டயக்னோசிஸ் எம்சிசி (பெரிய உடன்நோய் அல்லது சிக்கல்), அதாவது மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிக்கிற டிஆர்ஜி பிரிவை ஒரேயடியாக மேலே தூக்கக்கூடியது. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் தேடிப் பிடித்து டினையல் (பணம் தர மறுப்பு) அனுப்புகிற டயக்னோசிஸ்களில் இதுவும் ஒன்று. டாக்டர் எழுதியது பாதிதான், அதைத் தாங்கிப் பிடிக்கிற ஆதாரம் மீதி.

கோடுகள் எளிதுதான். ஜே96.0 அக்யூட் (திடீர்), ஜே96.1 கிரானிக் (நாள்பட்டது), ஜே96.2 அக்யூட் ஆன் கிரானிக் (நாள்பட்டதன் மேல் திடீர்). கடைசி இலக்கம் 0 என்றால் வகை சொல்லப்படவில்லை, 1 ஹைப்பாக்சியா (ஆக்சிஜன் குறைவு), 2 ஹைப்பர்காப்னியா (ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அதிகம்). இரண்டும் இருப்பதாக டாக்டர் எழுதியிருந்தால் இரண்டு கோடும் வரும். ஜே96.1 சிசி மட்டுமே, அதாவது எம்சிசிக்குக் கீழ்ப்படி. ஆகவே அக்யூட், கிரானிக் என்ற சொற்களை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

ஆதாரம் எங்கே இருக்கும்? பெரும்பாலும் எமர்ஜென்சியின் முதல் ஒரு மணி நேரத்தில். ஆக்சிஜன் கொடுத்த பிறகு நோயாளி தேறிவிடுவார், வார்டில் டாக்டர் பார்க்கும்போது ரத்த ஆக்சிஜன் செறிவு 96 சதவீதம் என்று இருக்கும், அதையே பிடித்துக்கொண்டு ஆடிட்டர் "ஃபெயிலியரே இல்லை" என்பார். அதனால் டிரையாஜ் (வந்ததும் அவசர நிலை பார்க்கிற) நர்ஸ் குறிப்பு, ஆம்புலன்ஸ் ஷீட், ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் குறிப்பு மூன்றையும் கட்டாயம் திறந்து பாருங்கள். பொதுவாக ஏற்கப்படும் அளவுகள் இவை: அறைக்காற்றில் பிஓ2 (ரத்த ஆக்சிஜன் அழுத்தம்) 60க்குக் கீழே, அல்லது ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே, ஹைப்பர்காப்னியா என்றால் பிசிஓ2 (கார்பன் டை ஆக்சைடு அழுத்தம்) 50க்கு மேலே, கூடவே பிஎச் (ரத்த அமிலத்தன்மை அளவு) 7.35க்குக் கீழே. அந்த பிஎச் முக்கியம். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு பிசிஓ2 58 இருந்து பிஎச் 7.38 என்றால் அது உடம்பு பழகிப்போன பழைய நிலையாக இருக்கலாம், அக்யூட் என்று சொல்ல அந்த எண் மட்டும் போதாது.

அறைக்காற்றில் அளவே எடுக்காமல் நேராக ஆக்சிஜன் மாட்டிவிட்டால்? பி/எஃப் விகிதம், அதாவது பிஓ2ஐ உள்ளே போகிற ஆக்சிஜனின் பங்கால் வகுத்த எண், போட்டுப் பாருங்கள். நேசல் கேனுலாவில் (மூக்குக் குழாயில்) 4 லிட்டர் என்றால் ஏறத்தாழ 36 சதவீத ஆக்சிஜன். அந்த நேரத்து ஏபிஜியில் (தமனி ரத்தப் பரிசோதனையில்) பிஓ2 70 என்றால் 70ஐ 0.36ஆல் வகுக்க 194 வருகிறது. 300க்குக் கீழே என்பதுதான் எல்லைக்கோடு, ஆக 70 என்ற எண் பார்க்க நன்றாக இருந்தாலும் நுரையீரல் திணறுகிறது என்று அர்த்தம். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அவர்களுக்கு வழக்கமான அளவிலிருந்து பிஓ2 10 இறங்கியதா, வழக்கத்தைவிட அதிக லிட்டர் தேவைப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: இந்த எண்களை வைத்து நீங்களே டயக்னோசிஸ் எழுத முடியாது, டாக்டரிடம் விளக்கம் கேட்டு அனுப்புகிற க்வெரிக்குத்தான் இவை உதவும்.

எண்களோடு உடல் அறிகுறியும் வேண்டும். "மூச்சு நிமிடத்துக்கு 32, கழுத்துத் தசைகளைப் பயன்படுத்தி மூச்சு விடுகிறார், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை, பைபாப் (மாஸ்க் வழி மூச்சு உதவி) தொடங்கப்பட்டது" என்று டிரையாஜில் இருக்கிறது என்று வையுங்கள். அதே நோயாளியின் அட்மிஷன் நோட்டில், டெம்ப்ளேட்டிலிருந்து வந்த "மூச்சுவிடுவதில் சிரமம் இல்லை, இயல்பாக உள்ளார்" என்ற வரி அப்படியே கிடக்கும். டினையல் கடிதத்தில் முதலில் மேற்கோள் காட்டப்படுவது அந்த வரிதான். உண்மையாகவே உயிருக்குப் போராடிய ஒருவரின் சிகிச்சைக்கான பணம், யாரும் மாற்றாமல் விட்ட ஒரு டெம்ப்ளேட் வரியால் மறுக்கப்படுவது பெரிய அநியாயம். இப்படி முரண்பாடு தெரிந்தால் உடனே சிடிஐ டீமுக்கு (மருத்துவக் குறிப்புகளைச் சரிபார்க்கிற குழுவுக்கு)த் தெரியப்படுத்துங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டாக்டர் எழுதியிருக்கிறார், ஆனால் செறிவு 93 சதவீதம், 2 லிட்டர் ஆக்சிஜன், மூச்சு 18. கோடிங் கைட்லைனின் 1.ஏ.19 பிரிவுப்படி கோட் என்பது டாக்டரின் கூற்றை வைத்துத்தான், நீங்களாக நீக்கக் கூடாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் கூடாது, கிளினிக்கல் வேலிடேஷனுக்கு, அதாவது டயக்னோசிஸுக்கு மருத்துவ ஆதாரம் இருக்கிறதா என்று சரிபார்க்க, அனுப்ப வேண்டும்.

க்வெரி எழுதும்போது பதிலை டாக்டர் வாயில் திணிக்காதீர்கள். "அக்யூட் ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர் என்று எழுதலாமா?" என்பது தவறான க்வெரி. எண்களையும் சிகிச்சையையும் தேதி, நேரத்தோடு வைத்துவிட்டு, இந்த நிலையின் டயக்னோசிஸ் என்ன என்று கேளுங்கள். அக்யூட் ஹைப்பாக்சிக் ஃபெயிலியர், ஹைப்பாக்சீமியா மட்டும், வேறு ஏதாவது, தீர்மானிக்க இயலவில்லை என்று தேர்வுகள் கொடுங்கள். பணம் பற்றி ஒரு சொல்கூட வரக் கூடாது.

அப்புறம் சீக்வென்சிங், அதாவது எந்தக் கோட் முதலில் என்பது. அட்மிஷனுக்கு முக்கியக் காரணம் அதுவாக இருந்தால் ஜே96 முதலில் வரலாம். நிமோனியாவும் சேர்ந்தே வந்து, இரண்டும் சமமாகக் காரணமாக இருந்து, சிகிச்சையும் இரண்டுக்கும் நடந்திருந்தால் எதையும் முதலில் வைக்கலாம். ஆனால் அத்தியாய விதிகள் இதை மீறும்: மருந்து ஓவர்டோஸ் என்றால் அதற்கான டி (T) கோட் முதலில், அட்மிஷனிலேயே செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) இருந்தால் செப்சிஸ் முதலில், கோவிட் என்றால் யு07.1 முதலில். மகப்பேறு, எச்ஐவி, பச்சிளங்குழந்தை ஆகியவற்றுக்கும் தனி விதி இருக்கிறது. ஏஆர்டிஎஸ் (கடுமையான திடீர் மூச்சுத்திணறல் நோய்த்தொகுப்பு) என்று எழுதியிருந்தால் அது ஜே80. ஜே96இன் கீழ் எக்ஸ்க்ளூட்ஸ்1 (சேர்த்துப் போடக் கூடாதவை) குறிப்பில் அது இருக்கிறது, பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வருவதில் இரட்டிப்புக் கவனம் தேவை. மயக்க மருந்து தெளியும் வரை வழக்கம்போல வென்டிலேட்டரில் வைத்திருப்பது ஃபெயிலியர் ஆகாது. ஆபரேஷனுக்குப் பிந்தைய அக்யூட் ஃபெயிலியருக்கான ஜே95.821 போட்டால் அது ஆபரேஷனால் வந்த சிக்கலாகப் பதிவாகும், மருத்துவமனையின் பிஎஸ்ஐ 11 (ஆபரேஷனுக்குப் பிந்தைய மூச்சுச் செயலிழப்பை அளக்கும்) தரக் குறியீட்டையும் தொடலாம். தொடர்பை டாக்டர் தெளிவாக எழுதாதவரை க்வெரிதான் வழி.

வென்டிலேட்டர் நேரத்தைக் கையால் கணக்கிடுங்கள். உங்கள் மருத்துவமனையில் குழாய் போட்டு வென்டிலேட்டர் தொடங்கிய நேரம், அல்லது குழாயோடு வந்திருந்தால் வந்து சேர்ந்த நேரம், அங்கிருந்து குழாய் எடுக்கும் வரை. வீனிங் (வென்டிலேட்டரிலிருந்து படிப்படியாக விடுவிக்கும்) நேரமும் சேரும், மாஸ்க் வழி பைபாப் சேராது. சரியாக 96 மணி என்றால் சிகிச்சைக் கோட் 5ஏ1945இசட், அதைத் தாண்டினால்தான் 5ஏ1955இசட். நர்ஸ் குறிப்பில் ஒரு நேரம், தெரபிஸ்ட் ஷீட்டில் வேறு நேரம் என்று இருந்தால் எதை எடுப்பது என்று நீங்களே ஊகிக்காமல் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, அதற்கப்புறம் சார்ட்டை மூடுங்கள்.