பாஸ்போர்ட் பெயரும் பட்டியல் பெயரும்: ஹேஸ்டிங்ஸ் கவுன்சில் தேர்தலில் முதன்முறை ஓட்டுப் போடுவது எப்படி?

2023 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. பகல் ஷிப்ட் முடிந்து யூனிபார்முக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக வாக்குச்சாவடிக்குப் போனேன். அப்போது நான் இருந்தது இங்கிலாந்தின் தென்கடற்கரையில் வேறோர் ஊர். கையில் இந்தியப் பாஸ்போர்ட். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா வாக்காளர் பட்டியலில் ஸ்கேலை வைத்து என் வரியைத் தேடினார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மேலதிகாரி வந்தார். அவரும் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, "இது ஒரே பெயர் இல்லையே" என்றார். வேறு அடையாள அட்டை இருந்தால் பத்து மணிக்குள் எடுத்து வரச் சொன்னார். என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். பதிவு செய்தபோது பெயரை மாற்றி எழுதியது நான்தான். ஆனாலும் ஓட்டுப் போடாமல் திரும்பி நடந்த அந்தப் பத்து நிமிடம் இன்னும் மனதில் இருக்கிறது. அடுத்த வருடம் அதே கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸுக்கு வந்தபின் எல்லாவற்றையும் சரி செய்து, 2024 மே 2-ஆம் தேதி ஓட்டுப் போட்டேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நமக்கு ஓட்டு இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். இங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவில் இருந்தால் கவுன்சில் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம், நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம். வேலை விசா, மாணவர் விசா, துணைக்கு வந்தவர் விசா எல்லாமே சேர்த்திதான். பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்திருக்க வேண்டியதில்லை. வயது 18 ஆகியிருக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் பதிந்தால் போதாது, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

படி 1: யாருக்கு ஓட்டுப் போடுகிறோம்?

ஹேஸ்டிங்ஸில் நமக்கு இரண்டு கவுன்சில். குப்பை, தெருச் சுத்தம், வீட்டுவசதி, கட்டட அனுமதி, கடற்கரைப் பகுதி இவையெல்லாம் ஹேஸ்டிங்ஸ் பரோ கவுன்சில். சாலைக் குழி, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு இவை ஈஸ்ட் சசெக்ஸ் கவுண்டி கவுன்சில். காலையில் சீகல் (கடற்காகம்) குப்பைப் பையைக் கிழித்து மீன் முள்ளைத் தெரு முழுக்க இழுத்துப் போட்டிருந்தால் பரோ. அதே தெருவில் குழியில் விழுந்து சைக்கிள் டயர் வெடித்தால் கவுண்டி. நான் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

பரோவில் 16 வார்டு, வார்டுக்கு இரண்டு பேர் வீதம் 32 கவுன்சிலர்கள். ஓல்ட் ஹேஸ்டிங்ஸ், சென்ட்ரல் செயின்ட் லெனார்ட்ஸ், ஜென்சிங், ஓர், ஹாலிங்டன் என்று வார்டுகளின் பெயர்கள் போகும். 2024-இல் பாதி இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடந்தது. அதனால் வார்டுக்கு ஒருவர், வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பெருக்கல் குறி. பக்கத்து ஈஸ்ட்போர்னில் கதையே வேறு. அங்கே நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல், வார்டுக்கு மூன்று பேர். ஆகவே மூன்று குறி வரை போடலாம். எத்தனை போடலாம் என்று சீட்டின் தலைப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். ஒன்று கூடினாலும் சீட்டு செல்லாது.

படி 2: பதிவு. இங்கேதான் நிதானம் வேண்டும்

இணையத்தில் பதிய, கவ் டாட் யூகே தளத்தில் 'ரெஜிஸ்டர் டு வோட்' என்று தேடினால் வரும் அரசுப் பக்கம்தான் ஒரே வழி. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள், பதிவு முழுக்க இலவசம். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) கையில் வைத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. குடியுரிமை கேட்கும் இடத்தில் நம் நாட்டின் பெயரைத்தான் போட வேண்டும். விசா இருக்கிறதே என்று பிரிட்டிஷ் என்று போட்டுவிடாதீர்கள்.

இப்போது பெயர். தமிழர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முதலெழுத்துதான். ஊரில் மு. கவிதா. பாஸ்போர்ட்டில் சிலருக்குப் பெயர்க் கட்டத்தில் 'கவிதா', குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் 'முருகேசன்'. சிலருக்கு இரண்டும் ஒரே கட்டத்தில், இன்னொன்று காலி. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு அங்கே கணவர் பெயர். இங்கே வந்ததும் வேலையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடம் இன்னொரு மாதிரி என்று ஆகிவிடுகிறது. நான் பதிவு செய்தபோது சம்பளச் சீட்டில் இருந்த பெயரைப் போட்டேன். அதில் கணவர் பெயர். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர். சம்பளச் சீட்டை வாக்குச்சாவடியில் யாரும் கேட்கப் போவதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வாக்குச்சாவடிக்கு எந்த அட்டையை எடுத்துப் போகப்போகிறீர்களோ, அந்த அட்டையில் இருக்கிறபடி பெயரைப் பதியுங்கள். எழுத்து எழுத்தாக. 'கவிதா' என்பதில் எச் இருக்கிறதா இல்லையா என்பது வரை. சின்ன வேறுபாடு இருந்தால் அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அது அவருடைய முடிவு. முழுப் பெயரே வேறாக இருந்தால் கஷ்டம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் பெயர், பிறந்த தேதி, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் மூன்றையும் அரசுப் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். அந்த எண் வேறு பெயரில் இருந்தால் பொருந்தாது. அப்போது கவுன்சிலிலிருந்து ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும். பயப்பட வேண்டாம், நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கேட்ட நகலை அனுப்பினால் போதும். விளம்பரக் கடிதம் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் பட்டியலில் ஏறவே இல்லை.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் இணையத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு ஒரு போன் போட்டு, பாஸ்போர்ட்டில் இப்படி இருக்கிறது, எப்படிப் பதிய வேண்டும் என்று கேளுங்கள். என் பெயரைத் திருத்தியதும் போனில்தான். எதைத் திருத்த வேண்டும், எதை அனுப்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

படிவத்தில் 'ஓப்பன் ரெஜிஸ்டர்' வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 3: அடையாள அட்டை

இங்கிலாந்து கவுன்சில் தேர்தலில் புகைப்பட அடையாளம் கட்டாயமானது 2023 மே மாதத்தில்தான். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் செல்லும். இங்கே எடுத்த ஓட்டுநர் உரிமம், புரொவிஷனல் என்றாலும் செல்லும். பிஆர்பி எனும் பழைய குடியேற்ற அனுமதி அட்டையும் செல்லும். காலாவதியாகியிருந்தாலும் பரவாயில்லை, படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் சரி. ஊரில் எடுத்த ஓட்டுநர் உரிமம், ஆதார், கல்லூரி அட்டை செல்லாது. இணையத்தில் மட்டும் இருக்கும் இவிசாவைப் போனில் காட்ட முடியாது, கையில் அட்டையாக இருக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் தீரவே இல்லை என்றால் 'வோட்டர் அத்தாரிட்டி சர்டிபிகேட்' என்ற ஒன்று இருக்கிறது. இலவசம். இணையத்தில் படத்தோடு விண்ணப்பித்தால், வாக்காளர் பட்டியலில் உள்ள அதே பெயரில் வீட்டுக்கு அனுப்புவார்கள். பட்டியலும் அட்டையும் ஒரே இடத்திலிருந்து வருவதால் பெயர் பொருந்தாமல் போக வழியில்லை. பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டாம். என்னைக் கேட்டால் தமிழ்ப் பெயர் உள்ள எல்லோரும் இதை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: கடைசித் தேதிகள்

தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன் நள்ளிரவுக்குள் பதிவு, 11 வேலை நாளுக்கு முன் மாலை 5 மணிக்குள் தபால் ஓட்டு விண்ணப்பம், 6 வேலை நாளுக்கு முன் மாலை 5 மணிக்குள் ப்ராக்ஸி (உங்களுக்காக வேறொருவர் ஓட்டுப் போடுவது) விண்ணப்பமும் சர்டிபிகேட் விண்ணப்பமும். 2024-இல் இவை ஏப்ரல் 16, 17, 24. வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். மே மாதத் தேர்தலுக்கு முன்னால் ஈஸ்டர் வந்துவிட்டால், அந்த வெள்ளியும் திங்களும் கணக்கில் சேராது.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்குத் தபால் ஓட்டு வசதியானது. ஆனால் அதிலும் கவனம் வேண்டும். விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்தை உறைக்குள் வரும் படிவத்திலும் போட வேண்டும். ஒரு இடத்தில் தமிழிலும் இன்னொரு இடத்தில் ஆங்கிலத்திலும் போட்டால் ஓட்டு போயிற்று. தேதி கேட்கும் கட்டத்தில் போட வேண்டியது உங்கள் பிறந்த தேதி, அன்றைய தேதி அல்ல.

படி 5: வேட்பாளர்கள் யார்?

வாசல் வழியாக வரும் துண்டறிக்கைகளை மட்டும் நம்பாதீர்கள். டெமாக்ரசி கிளப் என்ற அமைப்பு நடத்தும் 'ஹூ கேன் ஐ வோட் ஃபார்' தளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் உங்கள் வார்டில் நிற்பவர்கள் எல்லோரும் வருவார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். துண்டறிக்கையில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வீடில்லாதவர்களுக்கான தற்காலிகத் தங்குமிடச் செலவைப் பற்றி நான் மூன்று பேரைக் கேட்டேன், இந்த ஊரின் பட்ஜெட்டை வாட்டும் விஷயம் அது. இரண்டு பேர் விரிவாகப் பதில் எழுதினார்கள். ஓட்டு இல்லாத ஆளாக என்னை அவர்கள் நினைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

படி 6: அந்த நாள்

வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை. 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் ஓட்டுப் போட விடுவார்கள். வாக்காளர் கார்டு வீட்டுக்கு வரும், அதில் சாவடியின் முகவரி இருக்கும். கார்டை மறந்தாலும் பரவாயில்லை, அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

வாசலில் கட்சி நிறத்தில் ரோஜாப்பூ மாதிரி ரிப்பன் குத்தியவர்கள் நின்று உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார்கள். அவர்கள் அதிகாரிகள் அல்ல, கட்சித் தொண்டர்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் புன்னகைத்துவிட்டு உள்ளே போகலாம்.

உள்ளே விரலில் மை இல்லை, பொத்தான் இல்லை, நோட்டாவும் இல்லை. மரத் தடுப்புக்குள் நூலில் கட்டிய குட்டிப் பென்சில் ஒன்று தொங்கும். சொந்தப் பேனாவும் பயன்படுத்தலாம். 2024-இல் கையில் இரண்டு சீட்டு கொடுத்தார்கள், ஒன்று கவுன்சிலுக்கு, இன்னொன்று சசெக்ஸ் காவல்துறை ஆணையர் பதவிக்கு. பெயருக்கு நேராகக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். கையெழுத்துப் போடாதீர்கள். தப்பாகப் போட்டுவிட்டால் பெட்டியில் போடும் முன் சொல்லுங்கள், வேறு சீட்டு தருவார்கள்.

என் முறை வந்தபோது, முன்பு போலவே ஒருவர் ஸ்கேலை வைத்துத் தேடினார். என் பெயரைச் சத்தமாக, கொஞ்சம் தடுமாறி, முழுதாக வாசித்தார். வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுக்காக ஒரு வருடம் காத்திருந்தேன்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒரு தம்பி, தேர்தல் அன்றைக்குத் திடீரென்று வெளியூரில் டியூட்டி போட்டுவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அவசர ப்ராக்ஸி உண்டு. எதிர்பாராத வேலை, உடல்நலக் குறைவு போன்ற காரணத்துக்கு அன்று மாலை 5 மணி வரை விண்ணப்பிக்கலாம். உங்களுக்காகப் போடுபவர் அவருடைய அடையாள அட்டையைக் கொண்டு போக வேண்டும், உங்களுடையதை அல்ல.

பின்சேர்க்கை 2: தபால் ஓட்டை அஞ்சலில் போட மறந்துவிட்டதாக ஓர் அக்கா எழுதியிருந்தார். அன்றைக்கே சாவடியில் நேராகக் கொடுக்கலாம். ஆனால் அங்கே ஒரு படிவம் நிரப்பிக் கையில் கொடுக்க வேண்டும். கவுன்சில் அலுவலக வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் எண்ண மாட்டார்கள்.

பின்சேர்க்கை 3: வீடு மாறினால் பதிவு தானாகக் கூடவே வராது. அடுத்த தெருவுக்கு மாறினாலும் புதிதாகப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தம் போட்ட அன்றைக்கே இதையும் செய்துவிடுங்கள், பாஸ்போர்ட்டை எதிரில் திறந்து வைத்துக்கொண்டு.