இருதய புனர்வாழ்வுக் காலத்தில் நீரிழிவைக் கண்டறிதல்: தாதியருக்கும் இயன்மருத்துவருக்குமான வழிகாட்டி

மாரடைப்புக்கோ பைபாஸ் சத்திரசிகிச்சைக்கோ பின்னர் பயிற்சிக்கு வருபவரின் கிளினிக் கொப்பியில் ‘சீனி வருத்தம் இல்லை’ என்று எழுதியிருந்தால், அது எந்தச் சோதனையின் அடிப்படையில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுவீடன் ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ளதென முன்னர் அறியப்படாத மாரடைப்பு நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குளுக்கோசுக் கட்டுப்பாட்டில் குறைபாடு இருந்தது. அவர்களிற் பலர் வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் செய்திருந்தால் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

விடுதியில் அனுமதிக்கப்பட்ட நாளில் சீனி கூடியிருந்தால் அது நோயின் அதிர்ச்சியாலும் ஏற்பட்டிருக்கலாம். அதைக்கொண்டு ஒருவரை நீரிழிவு நோயாளி என்று முத்திரை குத்துவதும் தவறு, கணக்கில் எடுக்காமல் விடுவதும் தவறு. உடல் தேறிவரும் புனர்வாழ்வு வாரங்களே மறுபடி சோதிக்கத் தக்க காலம்.

வெறும் வயிற்றில் எடுத்த நாளக் குருதியில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், முந்திய இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 வீதம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அது நீரிழிவின் அளவாகும். அறிகுறி இல்லாதவரில் இரண்டாவது முடிவொன்றும் அதை உறுதிப்படுத்த வேண்டும். குளுக்கோமீற்றரில் விரல் நுனிக் குருதியைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது.

நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாண நகரை அடையும் ஒருவரை வெறும் வயிற்றோடு வரச் சொல்வது நியாயமன்று. அவருக்கு எச்பிஏ1சி வசதியானது. ஆயினும் சத்திரசிகிச்சையின்போது குருதி ஏற்றப்பட்டவரிடம் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு அந்த அளவை நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் அது உண்மைக்கு மேலாகவும் காட்டலாம்.

ஐயம் நீங்காவிடின், 75 கிராம் குளுக்கோசைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தின் பின் அளக்கும் சோதனையே சிறந்தது. எனது கருத்தில், வெறும் வயிற்று அளவு 100 முதல் 125 வரை உள்ள இருதய நோயாளருக்கு இதைத் தவிர்க்கக் கூடாது. முந்திய மூன்று நாட்களும் அவர் வழமைபோல் சோறு, பிட்டு, இடியப்பம் உண்டிருக்க வேண்டும். ஆகையால் கந்தசஷ்டி விரத நாட்களிலோ அதை முடித்த மறுநாளிலோ திகதி கொடுக்க வேண்டாம். இரவு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் உண்ணாதிருத்தல் அவசியம். ‘சாப்பிட்டீங்களோ?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பவர்கூட, ‘காலமை எழும்பினதிலையிருந்து வாயிலை என்ன போட்டீங்கள், ஐயா?’ என்று கேட்டால், ‘பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு வெறுந்தேத்தண்ணி மட்டும் குடிச்சனான்’ என்பார். அன்று சோதனையைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் குருதி மாதிரியை, குளுக்கோசு சிதையாமல் காக்கும் புளோரைட்டுக் குழாயில் எடுத்தபின், 250 முதல் 300 மில்லிலீற்றர் நீரில் கரைத்த குளுக்கோசை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கக் கொடுத்து, குடிக்கத் தொடங்கிய வேளையிலிருந்து இரண்டு மணித்தியாலத்தைக் கணக்கிட வேண்டும். அந்நேரம் முழுவதும் நோயாளி அமர்ந்தே இருக்க வேண்டும். புகைத்தல் ஆகாது, பயிற்சி வகுப்பும் சோதனை முடிந்த பிறகே. இரண்டு மணித்தியால அளவு 140 முதல் 199 வரை எனில் குளுக்கோசுத் தாங்குதிறன் குறைந்துள்ளது. 200 அல்லது அதற்கு மேல் எனில் நீரிழிவு. வெறும் வயிற்றிலேயே 126ஐ எட்டியவருக்கும் ஏற்கெனவே நீரிழிவுள்ளவருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை.

முடிவைக் கொப்பியில் திகதியோடு எழுதி, நீரிழிவு கிளினிக்குக்குக் கடிதத்துடன் அனுப்ப வேண்டும். அளவு கூடியும் நீரிழிவை எட்டாத முன்நிலையில் உள்ளவருக்கு உணவு, பயிற்சி ஆலோசனையோடு ஆண்டுக்கொருமுறை மறுசோதனை போதும்.

புதிதாக இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் சல்போனைல்யூரியா மாத்திரையோ தொடங்கியவருக்குப் பயிற்சிக்கு முன் குளுக்கோமீற்றரில் பார்த்து, 90க்குக் குறைவாக இருந்தால் முதலில் மாச்சத்துள்ள சிற்றுண்டி கொடுக்க வேண்டும். இவர்களிற் பலர் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மாத்திரையும் எடுப்பதால், சீனி இறங்கும்போது நெஞ்சு படபடப்பும் கைநடுக்கமும் வெளித்தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறையாது என்பதால், மிதமான நடையிலேயே ஒருவருக்கு அளவுக்கு மீறி வியர்த்தால் யாழ்ப்பாணத்து வெயிலைக் காரணம் சொல்லாமல், நடையை நிறுத்தி, நெஞ்சு நோவு உண்டா என்று கேட்டுக்கொண்டே சீனியையும் உடனே அளக்க வேண்டும்.