பழைய அமெரிக்கக் கால்பந்துப் படத்தில் சென்டரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆட்டத்தின் அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 1930களின் தொழில்முறை ஆட்டத்தின் படச்சுருள் ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது, சென்டர் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முன்வரிசை வீரர்) என்று நம்பி ஒரு மாலை முழுவதும் நான் கவனித்துக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற கார்டு என்ற தடுப்பு வீரரை. அந்த எரிச்சலில் எழுதுகிறேன்.

படி 1: அன்றைய பத்திரிகையில் வந்த அணிப்பட்டியலைத் தேடி எடுங்கள். இடது எண்ட், டேக்கிள், கார்டு, சென்டர், வலப்பக்கத்து மூவர், கடைசியில் பின்வரிசை நால்வர் என்று அச்சிட்டிருப்பார்கள். நான்காவது பெயர் சென்டர்.

படி 2: மேசையில் அடுக்குங்கள். கணினியில் வரையலாம்தான், எனக்குக் கேரம் காய்களே போதும். முன்வரிசைக்கு ஆறு கறுப்பு, பின்வரிசைக்கு நான்கு வெள்ளை, சென்டருக்குச் சிவப்பு.

படி 3: சிவப்பை நடுவில் வைத்துவிடாதீர்கள்! நான் இடறியது இங்கேதான். பட்டியலில் நடுவில் இருப்பவர் களத்திலும் நடுவில் நிற்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிங்கிள் விங் என்ற அன்றைய தாக்குதல் அமைப்பில் ஆடிய பல அணிகள் சென்டருக்கு ஒரு பக்கம் நால்வரையும் மறுபக்கம் இருவரையும் நிறுத்தின. ஆகவே ஆட்களை எண்ணாமல் பந்தைப் பாருங்கள். குனிந்து, கால்களுக்கிடையே தலைகீழாகப் பின்னால் பார்த்து, சில கெஜம் தள்ளி நிற்பவருக்குப் பந்தை எறிகிறாரே, அவர்தான். பெறுபவர் ஓடத் தொடங்கினால் அவர் போய்ச் சேரும் இடத்தைக் கணித்து எறிய வேண்டும். தலை தாழ்ந்திருக்கும் அந்த நொடியில் எதிராளி மோத வருவதுகூட அவருக்குத் தெரியாது.

சென்டர் ஓரத்துக்கே போவதும் உண்டு. 1933இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் இறுதி ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் வரிசையை மாற்றித் தன் சென்டர் மெல் ஹைனை ஓரத்துக் கடைசி ஆளாக்கியது. அவர் கொடுத்த பந்தை ஹாரி நியூமன் உடனே அவரிடமே திருப்பித் தந்தார். ஹைன் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவர்போல நடந்தார். பொறுமையிழந்து ஓடத் தொடங்கியதும் பிடிபட்டார். சிகாகோ பேர்ஸ் 23-21 என வென்றது.

படி 4: பந்து எதிரணியிடம் போனதும் சென்டரைத் தொலைத்துவிடாதீர்கள். விருப்பம்போல ஆள் மாற்ற அப்போது விதி இடம்தரவில்லை. அதே ஆள் தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் லைன்பேக்கராக நிற்பார். பேர்ஸின் சென்டர் புல்டாக் டர்னர் 1942இல் எதிரணியின் 8 பாஸ்களைப் பறித்து லீகில் முதலிடம் பெற்றார்.

பின்சேர்க்கை: சென்டரின் சட்டையில் 50 முதல் 59 வரையிலான எண்ணைத் தேடி ஏமாந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்த ஒழுங்கு 1952இல்தான் வந்தது. ஹைனின் எண் 7, பேர்ஸின் முந்தைய சென்டர் ஜார்ஜ் டிராஃப்டனுடையது 13.

இன்னொருவர் 1940 இறுதி ஆட்டத்துக்கு இந்த முறை ஒத்துவரவில்லை என்கிறார். வராது. வாஷிங்டனை 73-0 என நொறுக்கிய பேர்ஸ் ஆடியது டி ஃபார்மேஷன் என்ற வேறொரு அமைப்பு. அதில் சென்டர் தலை நிமிர்ந்தபடியே பந்தைத் தனக்கு நேர் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கையில் கொடுக்கிறார். அங்கே சிவப்புக் காய் நடுவிலேயே இருக்கட்டும்.